மணி அடித்த பிறகு: ஒரு சின்ன விளையாட்டின் வரலாறு

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். வரலாறு என்றதும் சோழர் காலமோ சுதந்திரப் போராட்டமோ வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கெல்லாம் நம் வரலாற்றுத் துறை நண்பர்கள் இருக்கிறார்கள். நான் கணிதம் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். எனக்குத் தெரிந்த வரலாற்றைத்தானே நான் எழுத முடியும்? ஆகவே, நாலே நாளில் எழுதப்பட்ட ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறேன்.

"இது என்ன சின்னப் பிள்ளை சமாச்சாரம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த நாலு நாளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நாலு நாள் முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் என் விஷயம். அதில் நம் எல்லோருக்குமே கொஞ்சம் சேதி இருக்கிறது.

ஜாம் என்றால் என்ன?

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். 'கேம் ஜாம்' என்கிறார்கள். ரொட்டியில் தடவுகிற ஜாம் இல்லை. ஜாஸ் இசைக்காரர்கள் முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து, தோன்றியபடி வாசிப்பதற்கு 'ஜாம்' என்று பெயர். அதிலிருந்து வந்தது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். பெரும்பாலும் 48 மணி நேரம் அல்லது 72 மணி நேரம் கெடு. அதற்குள் அந்தத் தலைப்பை ஒட்டி ஒரு விளையாட்டை யோசித்து, ப்ரோகிராம் எழுதி, படம் வரைந்து, சத்தம் சேர்த்து, ஆடக்கூடிய நிலையில் ஒப்படைத்துவிட வேண்டும். ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்லும் தமிழ் மன்றப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதிதான். ஈற்றடிக்குப் பதிலாகத் தலைப்பு, வெண்பாவுக்குப் பதிலாக விளையாட்டு.

இந்த வழக்கம் 2002-ல் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் மார்ச் மாதம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டில், கிறிஸ் ஹெக்கர் முதலான ப்ரோகிராமர்கள் கூடி 'இண்டி கேம் ஜாம்' என்று ஒன்றை நடத்தினார்கள். திரையில் ஒரே சமயத்தில் ஒரு லட்சம் உருவங்களை நடமாட விடக்கூடிய ஒரு ப்ரோகிராமை முன்கூட்டியே தயார் செய்து வைத்துவிட்டு, இதைக் கொண்டு என்னென்ன செய்யலாம் பாருங்கள் என்று விட்டார்கள். அடுத்த மாதமே, ஏப்ரல் 2002-ல், ஜெஃப் ஹௌலண்ட் என்பவர் 'லூடும் டாரே' என்ற போட்டியைத் தொடங்கினார். லத்தீன் பெயர். 'விளையாட்டைக் கொடுத்தல்' என்று பொருள் சொல்லலாம். இதற்கு எங்கும் போக வேண்டாம். அவரவர் வீட்டில் இருந்தபடி இணையம் வழியே கலந்துகொள்ளலாம். 2009 ஜனவரி கடைசியில் 'குளோபல் கேம் ஜாம்' வந்தது. முதல் வருஷமே 23 நாடுகளில் 53 இடங்களில் ஒரே வார இறுதியில் நடந்தது. இன்று இது கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சாதாரண விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணி அடித்துவிடும். ராக்கண் முழித்து, டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டி, கடைசி அரை மணியில் எதையோ ஒட்டுப்போட்டு ஒப்படைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் திங்கட்கிழமை மத்தியானம்தான் எழுந்திருப்பார்கள். இதுவரை எல்லோருக்கும் ஒரே கதை. திங்கட்கிழமை எழுந்த பிறகுதான் கதை பிரிகிறது.

கெடு முடிந்தது, அப்புறம்?

திங்கட்கிழமை காலையில் அந்த விளையாட்டைத் திறந்து பார்த்தால், ஓட்டைகள் பல்லை இளிக்கும். ஒரு சுவரில் ஆள் மாட்டிக்கொள்வான். ஒரு கதவு திறக்காது. சிலருடைய கம்ப்யூட்டரில் அது ஓடவே ஓடாது. "இதைச் சரிசெய்து திரும்பக் கொடுத்தால் என்ன?" என்று கை பரபரக்கும்.

லூடும் டாரேயில் இதற்கு ஒரு முறை வகுத்திருந்தார்கள். கெடு முடிந்த பின் சுமார் மூன்று வாரம் மதிப்பீட்டுக் காலம். வெளியாள் நடுவர் கிடையாது, கலந்துகொண்டவர்களே ஒருவர் விளையாட்டை ஒருவர் ஆடிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அந்த நாட்களில், விளையாட்டு ஓடாமல் நின்றுபோகிற மாதிரியான பழுதுகளைச் சரிசெய்யலாம். வேறு வகைக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் புதிதாக ஒரு கட்டம் சேர்ப்பது, படத்தை அழகாக்குவது, இசை போடுவது கூடாது. அப்படி ஆசை இருந்தால், போட்டிக்குக் கொடுத்ததை அப்படியே விட்டுவிட்டு, 'போட்டிக்குப் பிந்தையது' என்று பெயரிட்டுத் தனியாக ஒரு பிரதி வைக்கலாம்.

இந்த விதியை முதலில் படித்தபோது எனக்கு நம் பரீட்சை ஹால்தான் நினைவுக்கு வந்தது. மணி அடித்த பிறகு விடைத்தாளில் கை வைக்கக் கூடாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் நியாயத்துக்கு மேல் இன்னொரு நன்மையும் இருக்கிறது. முதல் பிரதி முதல் பிரதியாகவே நிற்கிறது. இரண்டு நாளில் இவரால் என்ன முடிந்தது, எங்கே தடுமாறினார், எந்த ஒரு யோசனை உயிரோடு இருந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகி இருக்கிறது. சரித்திரக்காரர்கள் மொழியில் சொன்னால், அதுதான் மூல ஆவணம்.

என்னுடைய முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் புதிதாக எழுதிய ப்ரோகிராம் கொஞ்சம்தான். ஏற்கெனவே யாரோ எழுதி வைத்ததைப் பராமரித்ததே அதிகம். 1998, 1999 வருஷங்களில் இரண்டு இலக்கமாக இருந்த வருஷத்தை நாலு இலக்கமாக்கும் வேலையில் எத்தனை பேர் இருந்தோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பழையது எப்படி இருந்தது என்று காட்டும் பிரதி இல்லாமல், மாற்றிக்கொண்டே போன ப்ரோகிராம்களில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான். ஒரு தவறு எப்போது நுழைந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்த 'முதல் பிரதியைத் தொடாதே' என்ற விதி எனக்கு உடனே பிடித்துப்போனது.

நாலு நாள் மலை

இனி நான் சொல்ல வந்த விளையாட்டுக்கு வருகிறேன். பெயர் 'செலஸ்ட்'. அது ஒரு மலையின் பெயர். 2015 ஆகஸ்டில், கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த மேடி தோர்சன், நோயல் பெர்ரி இருவரும் ஒரு ஜாமில் நாலு நாளில் எழுதியது.

அவர்கள் அதை எழுதியது 'பிக்கோ-8' என்ற இயந்திரத்துக்காக. இயந்திரம் என்றால் கையால் தொடக்கூடியது அல்ல, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் ஒரு கற்பனை விளையாட்டுப் பெட்டி. ஜோசப் வைட் என்பவர் உருவாக்கியது. வேண்டுமென்றே கஞ்சத்தனமாகச் செய்திருக்கிறார். திரைக்கு 128-க்கு 128 புள்ளிகள், 16 நிறங்கள், ஒரு விளையாட்டுக்கு மொத்தமே 32 கிலோபைட். நாம் சட்டைப் பையில் வைத்துத் திரிந்த 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் இப்படி 45 விளையாட்டுகளை அடைத்துவிடலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிக்கோ-8 விளையாட்டு ஒரு படமாகவே கைமாறும். 160-க்கு 205 புள்ளி அளவுள்ள ஒரு சின்னப் படம். அதன் நிறங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றம் செய்து, ப்ரோகிராம் முழுவதையும் அதற்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

விளையாட்டு இதுதான். ஒரு சின்ன உருவம் மலை ஏற வேண்டும். ஒரு திரைக்கு 100 மீட்டர் என்று கணக்கு, மொத்தம் முப்பது திரை. குதிக்கலாம், சுவரில் உதைத்து எகிறலாம், நடுவானில் ஒரே ஒரு தடவை எட்டுத் திசையில் எதிலாவது பாயலாம். பாய்ந்துவிட்டால் சிவப்பாக இருக்கும் தலைமுடி நீலமாகிவிடும். காலைத் தரையில் வைத்தால் மீண்டும் சிவப்பு. முள்ளில் பட்டால் அதே திரையின் ஆரம்பத்துக்குப் போக வேண்டியதுதான். கதை என்று ஒன்றும் கிடையாது. ஏறும் வழியில் மாண்டவர்களுக்காக ஒரு நினைவுக்கல் நிற்கும், அவ்வளவே.

நான் இதைத் திறந்து ப்ரோகிராமைப் படித்துப் பார்த்தேன். பழக்க தோஷம்! அதில் ஒரு இடம் என்னை நிறுத்தியது. ரோட் ரன்னர் கார்ட்டூனில் அந்த நரி, பாறை விளிம்பைத் தாண்டியும் கொஞ்ச நேரம் காற்றில் நிற்குமே, நினைவிருக்கிறதா? அதே மாதிரி இந்த விளையாட்டிலும், ஆள் விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும் சுமார் 6 சட்டகங்கள் வரை குதிக்க அனுமதி உண்டு. பிக்கோ-8 நொடிக்கு 30 சட்டகம் காட்டுகிறது. ஆக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மன்னிப்பு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னதாகவே பொத்தானை அமுக்கிவிட்டாலும், அதையும் நாலு சட்டகம் வரை ஞாபகம் வைத்துக்கொண்டு, தரையைத் தொட்டதும் குதிக்க வைக்கிறது. ஆடுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. "ஆஹா, சரியான நேரத்தில் குதித்துவிட்டோம்" என்றுதான் நினைப்பார். நாலு நாள் அவசரத்திலும் ஆடுகிறவர் விரலை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

இரண்டரை வருஷம்

விளையாட்டு பலருக்குப் பிடித்துப்போனது. அதன் பிறகு அவர்கள் எடுத்த முடிவு கவனிக்க வேண்டியது. அந்த 32 கிலோபைட்டுக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் திணிப்போம் என்று போகவில்லை. முப்பது திரையை ஐம்பதாக்கவும் இல்லை. அதை அப்படியே வைத்துவிட்டு, புதிதாக அஸ்திவாரம் தோண்டினார்கள். பிரேசில் நாட்டு ஓவியர்கள் சேர்ந்தார்கள். லீனா ரெய்ன் இசையமைத்தார். 2018 ஜனவரி 25-ல் பெரிய 'செலஸ்ட்' வெளிவந்தது. நாலு நாள் வேலைக்குப் பின்னால் சுமார் இரண்டரை வருஷ வேலை! அதன் விளம்பரமே 700-க்கு மேற்பட்ட திரைகள் என்று சொல்கிறது.

என்ன மாறியது? சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும் வசதி வந்தது. ஆனால் தெம்பு தீரும்வரைதான். முகம் தெரியாத அந்த உருவத்துக்கு மேடலின் என்று பெயர் வந்தது, மனப்பதற்றமும் சோர்வும் உள்ள ஒரு பெண்ணாக. முதல் விளையாட்டில் மலை ஏறுவது வெறும் கஷ்டம். இரண்டாவதில் அந்தக் கஷ்டத்துக்கே ஓர் அர்த்தம் கிடைத்தது. விழுவது, திரும்ப எழுவது, அதே இடத்தில் மறுபடி விழுவது எல்லாமே அந்தப் பெண்ணின் மனசின் கதையாகிவிட்டது. எதுவுமே ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. நாலு நாள் விளையாட்டில் ஏற்கெனவே இருந்ததைத்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

என்ன மாறவில்லை? நடுவானில் அந்த ஒரு பாய்ச்சல், சிவப்பு நீலத் தலைமுடி, திரை திரையாக மலை. இவற்றில் கை வைக்கவில்லை. மேடலினின் அசைவுக்கான ப்ரோகிராமைப் பிற்பாடு நோயல் பெர்ரி பொதுவில் வெளியிட்டார். விளிம்பைத் தாண்டிய பிறகான அந்த மன்னிப்பு அதிலும் இருக்கிறது, ஆனால் நொடியில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பழசைப் புதுப்பிப்பது என்றால் எப்போதும் கூட்டிக்கொண்டே போவது என்றுதான் நாம் நினைக்கிறோம். இவர்கள் ஒரு எண்ணைப் பாதியாக்கவும் யோசித்திருக்கிறார்கள். அதே சமயம் ஆட முடியாமல் தவிப்பவர்களுக்காக, வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ளும் வசதியையும் தனியாக வைத்தார்கள்.

பலன் கிடைத்தது. 2018-ஆம் வருஷத்து 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த சுயேச்சை விளையாட்டு என்ற பரிசு உட்பட இரண்டு பரிசுகள். 2020-க்குள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனை. 2019 செப்டம்பரில் நூறு திரைகளுக்கு மேல் கொண்ட இன்னொரு அத்தியாயத்தை, ஏற்கெனவே வாங்கினவர்களுக்கு இலவசமாகவே சேர்த்துக் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. பெரிய விளையாட்டுக்குள்ளே, ஒளிந்திருக்கும் ஓர் அறையில், ஒரு பழைய பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தால் 2015-ன் நாலு நாள் விளையாட்டு முழுசாக ஓடுகிறது! புது வீடு கட்டினவன், தாத்தாவின் திண்ணையை இடிக்காமல் உள்ளே வைத்துக் கட்டின மாதிரி. மூன்றாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2021 ஜனவரியில் மறுபடி பிக்கோ-8-க்கே திரும்பி, மூன்று நாளில் ஒரு இரண்டாம் பாகம் எழுதினார்கள். ஆறாம் ஆண்டு நிறைவுக்கு, 2024 ஜனவரியில், ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான நாட்களில் 'செலஸ்ட் 64' என்ற முப்பரிமாண விளையாட்டு. இரண்டும் இலவசம்.

கசப்பும் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் அந்தக் குழு தன்னுடைய அடுத்த பெரிய விளையாட்டான 'எர்த்பிளேட்'டைக் கைவிடுவதாக அறிவித்தது. செலஸ்டின் உரிமை பற்றிக் கூட்டாளிகளுக்குள் எழுந்த கருத்து வேறுபாடும் அந்த அறிவிப்பில் சொல்லப்பட்டது. குழுவில் ஒரு பகுதி பிரிந்தது. நாலு நாள் ஆசைக்கு எழுதியது ஒருநாள் சொத்தாகிவிட்டால், அதற்குப் பாகப்பிரிவினையும் வந்து சேரும் போலிருக்கிறது. நம் ஊரில் கூட்டு வியாபாரம் செய்த நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்கள் கதை

செலஸ்ட் ஒன்றுதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2013 ஜனவரி குளோபல் கேம் ஜாமில் தலைப்பாக ஒரு சொல்லைக் கொடுக்கவில்லை, இதயத் துடிப்பின் ஓசையைப் போட்டுக் காட்டினார்கள். லண்டனைச் சேர்ந்த பாசா ஸ்டுடியோஸ் ஆட்கள், கை நடுங்கும் ஒரு டாக்டர் அறுவை சிகிச்சை செய்வதைச் சிரிப்பு விளையாட்டாக 48 மணி நேரத்தில் செய்தார்கள். பிறகு தங்களுக்குத் தாங்களே 48 நாள் கெடு வைத்துக்கொண்டு, அந்த ஏப்ரலிலேயே 'சர்ஜன் சிமுலேட்டர் 2013' என்று விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சில யோசனைக்கு 48 நாளே போதும்.

ஃபின்லாந்தின் ஆர்வி தெய்காரி 2017-ல் நார்டிக் கேம் ஜாமில் 'பாபா இஸ் யூ' என்ற விளையாட்டைச் செய்து முதல் பரிசு பெற்றார். (ரஜினி படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) விளையாட்டின் விதிகளே சொற்களாகத் திரையில் கிடக்கும். அந்தச் சொற்களைத் தள்ளி மாற்றினால் விதியே மாறிவிடும். 'சுவர் தடுக்கும்' என்பதில் ஒரு சொல்லை நகர்த்திவிட்டால், சுவருக்குள் புகுந்து போகலாம். இலக்கண வகுப்பில் ஒரு எழுத்து மாறினால் பொருளே மாறும் என்று அடித்துச் சொல்வார்களே, அதையே விளையாட்டாக்கியிருக்கிறார். இருநூறுக்கு மேற்பட்ட கட்டங்களோடு முழு விளையாட்டு வந்தது 2019 மார்ச்சில். பரிசு வாங்கி இரண்டு வருஷம் கழித்து! பிறகு 2021-ல், ஆடுகிறவர்களே புதுக் கட்டங்கள் செய்துகொள்ளும் வசதியையும் சேர்த்தார்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்து டீம் செர்ரி நண்பர்களின் கதை இன்னும் நீளம். 2013 ஆகஸ்ட் லூடும் டாரேயில் தலைப்பு 'பத்து நொடி'. அதற்கு அவர்கள் செய்த 'ஹங்ரி நைட்' என்ற குட்டி விளையாட்டில் ஒரு சின்ன வீரன் வந்தான். அந்த வீரனை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 2014 கடைசியில் பொதுமக்களிடம் நிதி திரட்டியதில் சுமார் 57,000 ஆஸ்திரேலிய டாலர் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் 'ஹாலோ நைட்' வந்தது. அதற்குக் கூடுதல் பகுதியாகத் தொடங்கியது தனி விளையாட்டாக வளர்ந்து, 'சில்க்சாங்' என்ற பெயரில் 2025 செப்டம்பரில் வெளியானது. பத்து நொடித் தலைப்புக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம்!

தொலைந்துபோனவை

ஜெயித்தவர்கள் கதையை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது. ஒவ்வொரு ஜாமிலும் வந்து குவிகிற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை, செய்தவர்களே மறுபடி திறப்பதில்லை. அதில் தப்பில்லை. எல்லா வெண்பாவும் காவியமாக வேண்டியதில்லை. ஆனால் திறக்க நினைத்தாலும் திறக்க முடியாமல் போனவை உண்டு.

2015-ல் கூகுளின் குரோம் உலாவி பழைய இணைப்பு முறையை நீக்கியது. அதோடு யூனிட்டி வெப் பிளேயரிலும் ஜாவா ஆப்லெட்டிலும் எழுதப்பட்ட விளையாட்டுகள் அதில் ஓடுவது நின்றது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ராக்கண் முழித்துச் செய்தவை, ஒரு தவறும் செய்யாமலே ஊமையாகிவிட்டன. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது என்றால் நமக்குப் புரிகிறது. இங்கே சுவடி பத்திரமாக இருக்கிறது, வாசிக்கிற கண்ணைத்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற சேமிப்பு முயற்சியும், ரஃபிள் என்ற மென்பொருளும் தன்னார்வலர்கள் கையால் பலவற்றை மீட்டிருக்கின்றன. ஏட்டைத் தேடி ஊர் ஊராகப் போன உ.வே. சாமிநாதையரின் ஜாதி என்றே அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மூலப் பிரதியை யாராவது எங்காவது வைத்திருந்தால்தானே மீட்க முடியும்?

ஆக, புதுப்பிப்பது என்பது வெறும் அலங்கார வேலை இல்லை. ஒரு சின்னப் பொருள் அடுத்த பத்து வருஷம் உயிரோடு இருக்குமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

தங்கை மகளும் இரண்டு பிரதிகளும்

சமீபத்தில் என் தங்கை மகள் தன் கல்லூரியில் இப்படி ஒரு 48 மணி நேரப் போட்டியில் கலந்துகொண்டாள். இருட்டில் ஒற்றை டார்ச் லைட்டோடு, தொலைந்துபோன கன்றுக்குட்டியைத் தேடும் ஒரு பையனின் விளையாட்டு. பரிசு இல்லை. ஒரு வாரம் கழித்து அதைப் பற்றிக் கேட்டேன்.

"அதான் முடிஞ்சு போச்சே மாமா. சர்டிபிகேட்டும் வந்துடுச்சு. இனிமே அதுல என்ன இருக்கு?" என்றாள்.

"இனிமேதாம்மா இருக்கு" என்றேன்.

முதலில் கொடுத்ததை அப்படியே ஒரு பிரதி எடுத்து, தேதி போட்டு, இரண்டு இடத்தில் வைக்கச் சொன்னேன். அதை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அடுத்து, அவள் தம்பியைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் ஆட விடச் சொன்னேன். பையன் ஒரே பள்ளத்தில் மூன்று தடவை விழுந்தான். நாலாவது தடவை போனைக் கீழே வைத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

"அவனுக்கு ஆடத் தெரியல மாமா."

"பள்ளம் இருக்குன்னு உன் விளையாட்டு அவனுக்குச் சொல்லலியேம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். புதுக் கட்டம், புது இசை எதுவும் சேர்க்கவில்லை. டார்ச் வெளிச்சம் பள்ளத்தின் விளிம்பில் பட்டால் மண் சரியும் சத்தம் கேட்கும்படி செய்தாள். அது ஒன்றுதான் மாற்றம். அதற்கே மூன்று வாரம் பிடித்தது. இப்போது அவளிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால், இடையில் அவள் கற்றது என்னவென்று தெரிகிறது. எந்தப் பரீட்சையின் மதிப்பெண் பட்டியலும் அவ்வளவு துல்லியமாக அதைச் சொல்லாது என்பது என் தாழ்மையான கருத்து.

நிறைவாக

அன்பர்களே, நம்மில் பலரிடம் மணி அடித்ததோடு நின்றுபோன சங்கதிகள் இருக்கின்றன. விடுதியில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை, ஒரே ஒரு தடவை மேடையேறிய நாடகம், இறுதியாண்டு ப்ராஜெக்ட், பாதி எழுதின கதை. கெடுவுக்குள் அவசர அவசரமாகச் செய்தது என்பதால் அவற்றை மட்டமாக நினைக்க வேண்டாம். கெடு இல்லாவிட்டால் அவை பிறந்தே இருக்காது. ஆனால் கெடு முடிந்த பிறகு இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. முதல் பிரதியை, அதன் ஓட்டை உடைசலோடு, அப்படியே பத்திரப்படுத்துவது ஒன்று. அதில் உயிரோடு இருக்கிற ஒரே விஷயம் எது என்று கண்டுபிடித்து, அதை வைத்து இரண்டாவதைத் தொடங்குவது மற்றொன்று. முதலாவதை எல்லோரும் செய்யலாம், ஒரு மத்தியானம் போதும். இரண்டாவது எல்லோராலும் ஆகாது. அதற்கு 48 நாளும் ஆகலாம், பன்னிரண்டு வருஷமும் ஆகலாம்.

பரணில் டிரங்குப் பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். ஃப்ளாப்பி கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படிக்கும் கருவி இன்னும் சிலரிடம் இருக்கிறது. காகிதமாக இருந்தால் இன்னும் நல்லது, அதைப் படிக்க நம் கண்ணே போதும்.